பொன்மணியும் ஒரு வீட்டுக் கணக்கும்

இலங்கையில் தயாரான தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், கொழும்பில் என் வயதையொத்தவர்கள் முதலிற் சொல்லும் பெயர் 'கோமாளிகள்'. இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி நடித்துப் பெரும்புகழ் பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடரே 1976இல் அப்படமாக உருப்பெற்றது. மரிக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். குரலால் மட்டும் அறிந்திருந்தவர்களைத் திரையிற் காணும் ஆவலில் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். அந்த ஆரவாரம் இன்றும் நினைவிலிருக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு 'பொன்மணி' வந்தது. அதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. பார்த்தவர்கள் அவர்களினும் குறைவு. வணிகரீதியில் அது வெற்றி பெறவில்லை. ஆயினும் இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் அந்தப் படத்தைக் கடந்து செல்ல முடியாது. பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் அவளுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடொன்றினுள் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை, அதற்கு முன்னரோ பின்னரோ எந்தத் தமிழ்ப் படமும் அத்தனை அமைதியாகக் காட்டியதாக நான் அறியவில்லை. இப்பத்தியை எழுத உட்கார்ந்த காரணமும் அதுவே.

படத்தை இயக்கியவர் தமிழரல்லர். 'அஹஸ் கவ்வ' (1974) என்ற தமது முதற் படத்தினாலேயே சிங்களச் சினிமாவில் ஒரு புதிய தலைமுறையின் வருகையை அறிவித்த தர்மசேன பத்திராஜ அவர். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பெற்றபோது, அங்கு சிங்களம் கற்பித்த விரிவுரையாளர்களுள் பத்திராஜவும் ஒருவர். தென்னிலங்கையிலிருந்து சென்ற ஒருவர், தாம் வாழ நேர்ந்த ஊரின் வீடுகளை, வேலிகளை, கோவில் வீதிகளை, மௌனங்களை உற்றுக் கவனித்திருக்கிறார். கதையையும் வசனத்தையும் எழுதியவர் ஊர்காவற்றுறை மண்ணின் மைந்தரான சிறுகதையாசிரியர் காவலூர் இராஜதுரை. முத்தையா இராஜசிங்கம் தயாரித்தார். நாவலாசிரியரும் மருத்துவப் பேராசிரியருமான நந்தி, பெண்ணிய ஆய்வாளராகப் பின்னர் அறியப்பட்ட சித்திரலேகா மௌனகுரு போன்றோர் நடித்தனர். தொழில்முறை நட்சத்திரங்களைத் தேடிப் போகாமல், அந்த மண்ணிலேயே வாழ்ந்த முகங்களைத் திரைக்குக் கொண்டுவந்தது அன்றைக்குப் புதுமை.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். வசதி குன்றிவரும் ஒரு வேளாளக் குடும்பம். சீதனம் சேராமையால் மூத்த மகளுக்குக் கலியாணம் கூடிவரவில்லை. இளையவள் பொன்மணி, சாதியால் வேறுபட்ட கரையார் சமூகத்து இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். குடும்பம் சம்மதிக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. வீட்டை விட்டு வெளியேறி அவனுடன் சேர்கிறாள். முடிவில் அவள் கொல்லப்படுகிறாள்.

இதே கதையைத் தென்னிந்தியத் தயாரிப்பாளர் ஒருவரிடம் கொடுத்திருந்தால், மீசை முறுக்கும் தகப்பன், அரிவாளேந்திய மாமன், மழையில் ஓடும் நாயகி, ஆறு பாட்டு, இரண்டு சண்டை என்று படம் கிடைத்திருக்கும். பத்திராஜ அப்படிச் செய்யவில்லை. அவருடைய வீட்டில் கொடியவர் எவருமில்லை. தகப்பன் கொடுங்கோலன் அல்லன். தாய் ராட்சசி அல்லள். ஒருவரையொருவர் நேசிக்கும் மனிதர்களே அங்கு வாழ்கிறார்கள். ஆனாலும் அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு மூச்சு விட இடமில்லை. கட்டாயத் திருமணம் என்றதும் கையைப் பிடித்து இழுத்து மணவறையில் இருத்துவதையே நாம் கற்பனை செய்கிறோம். நிகழ்வது பெரும்பாலும் அவ்வாறன்று. எவரும் குரலை உயர்த்தாமலே அது நடந்தேறும்.

இதை விளங்கிக்கொள்ள அந்த வீட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும். திரைப்படம் அதைக் கோடிட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தவர்க்கு அது போதும். ஏனையோருக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம், ஒல்லாந்தர் காலத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பெற்று, 1707இல் ஆளுநரிடம் ஒப்படைக்கப்பட்டது. பன்னிரு முதலியார்கள் அதைப் பரிசீலித்துச் சரியென ஏற்றனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக அது பிரித்தது. சீதனம் பெற்றுச் செல்லும் பெண் பெற்றோரின் மற்றச் சொத்தில் உரிமை கோர முடியாது. திருமணமாகாத ஆண்மக்கள் உழைத்துத் தேடியதும் குடும்பத்தின் பொதுச் சொத்திலேயே சேர வேண்டும் என்றும் அந்தப் பழைய தொகுப்புக் கூறிற்று. அண்ணன் தம்பிமாரின் உழைப்பு அக்கா தங்கைமாரின் சீதனமாகும் வழக்கத்துக்கு அவ்வளவு பழைய வேர் இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தமும் பலவற்றை மாற்றினாலும், வீட்டின் மனக்கணக்கை அவற்றால் மாற்ற முடியவில்லை.

சீதனம் பெண்ணின் பெயரில் எழுதப்படும் காணியும் வீடும் நகையும் ஆகும். நொத்தாரிசு உறுதி எழுதுவார். அதற்கும் மேலாக, இருபதாம் நூற்றாண்டில் மாப்பிள்ளை வீட்டாரின் கையிற் கொடுக்கும் ரொக்கம் ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கு நன்கொடை என்று பெயர், பேச்சில் 'டொனேஷன்'. எவ்வளவு நயமான சொல்! கோவில் திருப்பணிக்கும் நன்கொடை, கலியாணத்துக்கும் நன்கொடை. இந்த ரொக்கத்தைப் பெற்ற மாப்பிள்ளையின் தகப்பன் அதை அனுபவிப்பதில்லை. தமது மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது அதை அப்படியே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அந்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டுக்கு. ஒரே பணம் பத்து வீடுகளைச் சுற்றிவரும். இதனால் என்ன நேர்கிறது? ஒரு வீட்டில் ஒரு பெண் 'எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்' என்றால், அவளுடைய கலியாணம் மட்டும் நிற்பதில்லை. அவளுடைய அண்ணனுக்குப் பேசிய சம்பந்தம் ஆட்டங் காணும். அக்காவின் பெயர் கெடும். மூன்றாம் வீட்டிலுள்ள முன்பின் அறியாத ஒருத்தியின் கலியாணங்கூடத் தள்ளிப்போகலாம். இத்தனை சுமையையும் தலையில் ஏற்றிவிட்டு, 'பிள்ளை, உனக்குச் சம்மதந்தானே?' என்று தாய் கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு என்பது கேட்பவளுக்கும் தெரியும், சொல்பவளுக்கும் தெரியும்.

சாதியும் இதனுள் அடக்கம். காணி வெளியே போகாமலிருக்கப் பெண் வெளியே போகக்கூடாது. ஆகவே விருப்பமில்லாதவனைக் கட்டச் சொல்வதும், விரும்பியவனைக் கட்டாதே என்பதும் இரண்டு வெவ்வேறு கொடுமைகள் அல்ல. ஒரே கதவின் உட்புறமும் வெளிப்புறமும் அவை. மூத்தவளைக் கலியாணமின்றி வீட்டில் இருத்தியதும் அதே கதவுதான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. 'பொன்மணி'யைச் சாதி கடந்த காதற்கதை என்று சுருக்கிவிடுவோர் உளர். இளையவளின் சாவைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். மூத்தவளை எவரும் எழுதுவதில்லை. சாவு திரையில் ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. மூத்தவளின் காத்திருப்போ படம் நெடுகிலும் நிகழ்கிறது.

அந்நாளில் நான் பத்திரிகைக் காரியாலயமொன்றில் இளநிலை உதவி ஆசிரியன். ஆளில்லாத நாட்களில் விளம்பரப் பகுதியின் அச்சுப்படிகளை ஒப்புநோக்கும் வேலையும் எம் தலையில் விழும். 'மணமகன் தேவை', 'மணமகள் தேவை' விளம்பரங்களை வரிவரியாக வாசித்த அனுபவம் அவ்வாறு வாய்த்தது. ஊர், மதம், 'உயர்குல' என்ற ஒரு சொல், செவ்வாய்க் குற்றம் உண்டா இல்லையா, நிறம், சீதன விபரம் நேரில். இவ்வளவும் இருக்கும். பெண்ணின் வயது சில வேளைகளில் முந்திய மாதத்து விளம்பரத்திலிருந்து குறைந்துமிருக்கும். மூத்த ஒப்புநோக்குநர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் ஒரே தபாற்பெட்டி இலக்கம் திரும்பத் திரும்ப வந்ததுமுண்டு. முதலில் 'டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் விரும்பத்தக்கது' என்றிருந்தது; பின்னர் 'அரசாங்க உத்தியோகத்தர்' ஆயிற்று; ஈற்றில் 'நல்ல குடும்பத்தவர், தாரமிழந்தவரும் விண்ணப்பிக்கலாம்' என்று வந்து நின்றது. அந்த இலக்கத்துக்குப் பின்னால் இருந்தவளின் முகத்தை நான் அறியேன். ஆனால் 'பொன்மணி'யின் மூத்த மகளைத் திரையிற் கண்டபோது அந்த இலக்கமே நினைவுக்கு வந்தது.

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்' என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. அரசாங்கத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்த பையனுக்கு விலை ஏறியது அவ்வாறுதான். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் அந்த வாசலை ஒடுக்கிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் செல்லும் தமிழ் மாணவர் தொகையைக் குறைத்தது. தகுதியான மாப்பிள்ளை அரிதாக, விலை மேலும் ஏறியது என்பது என் எண்ணம். அரசியல் மேடைகளில் உரிமை பேசப்பட்ட அதே ஆண்டுகளில், வீடுகளினுள் இந்தப் பேரம் நடந்துகொண்டிருந்தது. வட்டுக்கோட்டைத் தீர்மானம் 1976 மே மாதம். 'பொன்மணி' 1977. ஒரு சமூகம் தன் விடுதலையைப் பேசத் தொடங்கிய வேளையில், 'உங்கள் வீட்டுப் பெண்ணின் விடுதலை எங்கே?' என்று கேட்க ஒரு சிங்களக் கலைஞர் துணிந்தார். பலருக்கு அது கசந்தது இயல்பே.

படத்தை நான் கொழும்பில் பார்த்தேன். அரங்கில் பாதிக்கும் குறைவான கூட்டம். இடைவேளையில் என் பக்கத்து இருக்கையிலிருந்த, வெள்ளவத்தையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, இதைப் பார்க்கவோ காசு குடுத்து வந்தனாங்கள்? வீட்டில இருந்தே பார்க்கலாமே."

"அப்ப எழும்பிப் போகப் போறியளோ, ஐயா?"

"இல்லை, இருப்பம். எனக்கும் மூண்டு பெட்டையள்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. படம் முடிந்து விளக்கெரிந்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்ப்பது முறையல்ல என்று தோன்றியது. பத்திரிகைகளில் வந்த விமரிசனங்களைவிட அந்த மூன்று வார்த்தைகளே எனக்குப் படத்தைப் பற்றிய சரியான விமரிசனமாகப் பட்டன. 'கோமாளிக'ளுக்குச் சென்ற குடும்பங்கள் ஏன் 'பொன்மணி'க்குச் செல்லவில்லை என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. மூன்று பெண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் இப்படத்துக்குப் போவான்?

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். இது யாழ்ப்பாணத்தின் தனிச்சொத்தன்று. சிங்களச் சினிமாவின் பெருமைக்குரிய படங்களுள் ஒன்றான 'கம்பெரலிய'வை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் எடுத்த அப்படம் 1965இல் டில்லித் திரைப்பட விழாவில் தங்கமயில் விருது பெற்றது. தென்மாகாணத்துப் பெருங்குடும்பத்தின் மகள் நந்தா, தனக்கு ஆங்கிலம் கற்பித்த பியலை விரும்புகிறாள். குலப்பெருமை குறுக்கே நிற்கிறது. பெற்றோர் தேர்ந்த ஜினதாசவைக் கட்டுகிறாள். அவனிடம் குலமிருந்தது, வழியில்லை. பிழைப்புத் தேடிச் சென்றவன் திரும்பவில்லை. பின்னர் செல்வந்தனாகிவிட்ட பியலை அவள் மணக்கிறாள். அந்த மணத்தினுள்ளும் முதல் கலியாணத்தின் நிழல் விழுந்தே கிடக்கிறது. நந்தாவை எவரும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவுமில்லை. 'பொன்மணி'யின் வீட்டுக்கும் நந்தாவின் வளவுக்கும் இடையிலுள்ள தூரம் புகையிரதத்தில் ஒரு பகல் பயணம் மட்டுமே. மொழி மாறும், கணக்கு மாறாது.

தமிழகத்திலோ இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இந்த வினா திரைக்கு வந்துவிட்டது. கே. சுப்பிரமணியம் இயக்கிய 'சேவாசதனம்' 1938இல் வெளியானது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதற் படம் என்று எல்லோரும் அறிவர். அது பிரேம்சந்தின் நாவலிலிருந்து பிறந்தது என்பதையும், அந்த நாவலின் முதல் முடிச்சே வரதட்சிணைதான் என்பதையும் அறிந்தவர்கள் சிலரே. மகளின் கலியாணச் செலவுக்காக நேர்மையான காவல் அதிகாரி ஒருவர் முதன்முறையாக இலஞ்சம் வாங்குகிறார், அகப்படுகிறார், சிறை செல்கிறார். மகள் பொருத்தமற்ற ஒருவனுக்கு அவசரமாகக் கட்டிவைக்கப்படுகிறாள். பிற்பாடு வருவதெல்லாம் அந்த அவசரத்தின் விளைவு. படத்தில் அந்தக் கணவனாக நடேச ஐயர் நடித்தார். அடுத்த ஆண்டே அதே சுப்பிரமணியம் கல்கியின் கதையை 'தியாகபூமி'யாக எடுத்தார். தன்னை ஒதுக்கித் தள்ளிய கணவனுடன் வாழ முடியாது என்று ஒரு மனைவி நீதிமன்றத்தில் நின்று சொல்வதை அன்றைய தமிழ்நாடு பார்த்தது. பிரித்தானிய அரசு பின்னர் அப்படத்தைத் தடை செய்தது. தடைக்குக் காரணம் காங்கிரஸ் அரசியல். இருந்தும் சாவித்திரி பேசிய பேச்சு அதைவிடப் பெரிய கலகம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சாவித்திரிக்குப் பேச ஒரு நீதிமன்றம் கிடைத்தது. பொன்மணிக்கு அதுவும் இல்லை. அவள் பேசுவது குறைவு; அவள் செய்த ஒரே வாதம் படலையைத் திறந்து வெளியே சென்றதுதான். இது பத்திராஜவின் குறை என்று அந்நாளில் சிலர் சொன்னார்கள். நாயகிக்கு வசனம் போதவில்லையாம். அவள் வாழ்ந்த வீட்டில் அவளுக்கு எவ்வளவு பேச்சு அனுமதிக்கப்பட்டதோ அவ்வளவையே அவர் கொடுத்தார் என்பது என் கட்சி.

இப்படத்தில் நடித்த சித்திரலேகா மௌனகுரு, 1986இல் 'சொல்லாத சேதிகள்' என்ற பெண்களின் கவிதைத் தொகுப்பைப் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட அந்நூல் ஈழத்துப் பெண்ணெழுத்தில் ஒரு திருப்பம். ஒன்பது ஆண்டுகளில் மௌனம் நூலாகிவிட்டது. பின்னர் விடுதலை இயக்கமும் சீதனத்தைப் பேசுபொருளாக்கியது. 1994இல் அடேல் பாலசிங்கம் யாழ்ப்பாணத்துச் சீதன முறைமை பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்.

ஆனால் போர் அந்தக் கணக்கைக் கிழித்தெறியவில்லை. வேறொரு தாளில் எழுதிற்று. வன்னியில் இறுதிப் போர் நெருங்கிய 2006ஆம் ஆண்டுக்குப் பிந்திய காலத்தில், திருமணமானவர்களை இயக்கம் சேர்த்துக்கொள்ளாது என்ற நம்பிக்கையில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தனர். பிள்ளையை உயிரோடு வைத்திருக்கக் கலியாணம்! அதைக் கட்டாயத் திருமணம் என்று அந்தத் தாயிடம் எவரால் சொல்ல முடியும்? முடிவில் அந்தக் காப்பும் பலரைக் காக்கவில்லை. 2009க்குப் பின்னர் முகாம்களிலிருந்து வெளிவந்தவர்களுள், பதிவே செய்யப்படாத திருமணத்துடன், கையில் குழந்தையுடன், கணவன் எங்கேயென்று தெரியாத இளம் பெண்கள் இருந்தனர். திருமணச் சான்றிதழ் இல்லை. ஆகவே மரணச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி சிக்கலாயிற்று. சட்டம் 1995இலேயே திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்திவிட்டது என்பது அவர்களுக்கு உதவவில்லை. முஸ்லிம் பெண்களுக்கோ அந்தத் திருத்தமே பொருந்தவில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தையே வேண்டவில்லை. அதை மாற்றக் கோரி முஸ்லிம் பெண்கள் நடத்திய நெடிய போராட்டம் தனிப் பத்திக்குரியது. இங்கு குறிப்போடு நிறுத்துகிறேன்.

கொழும்பில் வேறு காட்சி. தொண்ணூறுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகள் நிரம்பி வழிந்தன. வடக்கிலிருந்து பாஸ் எடுத்து, சோதனைச் சாவடிகளைக் கடந்து, பொலிஸ் பதிவுக்கு அலைந்து, ஒரு சூட்கேசுடன் வந்திறங்கிய பெண்களுள் பலர் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பேசப்பட்டவர்கள். கனடா, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ. படத்தில் மட்டும் கண்ட முகம். தொலைபேசியில் மூன்று நிமிடக் குரல். செட்டியார் தெருவில் தாலிக்கொடி, காலி வீதியில் கூறைச்சேலை, ஏதோ ஒரு மண்டபத்தில் இரண்டு மணி நேரக் கலியாணம், முழு வீடியோ. அந்த வீடியோவும் அல்பமும் நினைவுக்காக மட்டும் எடுக்கப்பட்டவையல்ல. இந்தத் திருமணம் உண்மையானது என்று தூதரக அதிகாரியிடம் நிறுவும் சாட்சியங்களும் அவையே. மானிடவியலாளர் சிதார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட ஆய்வுநூல், தரகரும் புகைப்படமும் விசாவும் எவ்வாறு ஒரே சங்கிலியின் வளையங்களாயின என்பதை விரித்துரைக்கிறது. மணமகள் சிரிக்க வேண்டும். மாப்பிள்ளையின் தோளில் கை வைக்க வேண்டும். உறவினர் புடைசூழ வேண்டும். இல்லையேல் விசா மறுக்கப்படலாம். விருப்பம் இருந்ததா என்று வீட்டில் எவரும் கேளாத ஒன்றை, விருப்பம் இருந்ததாகக் காட்டும்படி ஓர் அந்நிய நாட்டுக் கருமபீடம் கேட்டது. ஒளிப்பதிவாளர் 'சிரியுங்கோ பிள்ளை' என்று சொல்லிக்கொண்டேயிருப்பார்.

அத்திருமணங்கள் யாவும் கட்டாயத்தில் நடந்தவையென்று நான் சொல்லவில்லை. நல்வாழ்வு வாழ்பவர்கள் அநேகர். போரிலிருந்து தப்பிச் செல்லத் தாமே விரும்பிக் கழுத்தை நீட்டியவர்களும் உண்டு. அந்த விருப்பத்தை எவ்வாறு மதிப்பிடுவது? ஒருபுறம் குண்டு, மறுபுறம் அறியாத மனிதன்.

இத்தகைய பல பதிவுகளுக்கு நான் சாட்சியாகக் கையொப்பமிட்டிருக்கிறேன். பத்திரிகைக்காரனின் கையொப்பத்துக்கு ஏதோ மதிப்பிருப்பதாக உறவினர் நம்பினர். யாழ்ப்பாணத்தார் பதிவை 'எழுத்து' என்பர். பதிவாளர் வாசகத்தைப் படிப்பார், இருவரும் ஒப்பமிடுவர், முடிந்தது. ஒருமுறை மாத்திரம், வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் நடந்த எழுத்தின்போது, வயதான பெண் பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். "எல்லாரும் ஒருக்கா வெளியில நில்லுங்கோ. நான் பிள்ளையோட கதைக்க வேணும்" என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோபம். பெண்ணின் தகப்பனுக்கு அதைவிடக் கோபம். நாங்கள் பலகணியில் நின்றோம். பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அன்று எழுத்து நடக்கவில்லை. பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதிவாளர் ஓட்டோ ஏறிப் போய்விட்டார். அந்தப் பெண்ணை வீட்டார் அதன்பின் எவ்வாறு நடத்தினர் என்பது வேறு கதை; அது இலகுவான கதையன்று. சில ஆண்டுகளின் பின் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் படிப்பிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

புலம்பெயர்ந்த நாடுகளில் சட்டம் விழித்துக்கொண்டது. நோர்வே 2003இல் கட்டாயத் திருமணத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பிரித்தானியா 2007இல் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, 2014இல் குற்றமாகவே அறிவித்தது. கனடா 2015இல் பின்தொடர்ந்தது. இச்சட்டங்களின் கண்ணிற் படுவது மிரட்டலும் அடியும் பயணச்சீட்டும். நான் மேலே சொன்ன வீட்டுக் கணக்கு எந்தச் சட்டத்தின் கண்ணுக்கும் எளிதிற் புலப்படாது. உளவியல் அழுத்தம் என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள்; ஆனால் 'பிள்ளை, உனக்குச் சம்மதந்தானே?' என்று கேட்ட தாயை எந்த மகள் சாட்சிக் கூண்டில் நிறுத்துவாள்?

படத்துக்குத் திரும்புவோம். 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் அதே நாட்களில் கொழும்பில் கொல்லப்பட்டார். இலங்கைத் தமிழ்ப் படமுயற்சி ஏறக்குறைய அத்துடன் ஓய்ந்தது. தப்பிய பிரதிகளைப் பேணவும் ஆளில்லை. அந்தப் பட்டியலில் எத்தனையோ படங்கள் இன்று பெயராக மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றின் கதைகளை அறிய ஆய்வாளர் தம்பிஐயா தேவதாஸ் எழுதிய நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. 'பொன்மணி'க்கு அவ்விதி நேரவில்லை. காவலூர் இராஜதுரை அவுஸ்திரேலியாவிற் குடியேறி 2014இல் காலமானார். தர்மசேன பத்திராஜ 2018 ஜனவரியில் மறைந்தார். அவருடைய படங்களைத் திரையிடும் விழாக்களில் இந்தத் தமிழ்ப் படமும் இடம்பெற்று வந்துள்ளது. இன்றைய இளைஞர்கள் அதை ஆர்வத்துடன் விவாதிப்பதாக அறிகிறேன்.

படம் பார்க்கக் கிடைக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இளையவள் எங்கே போகிறாள் என்பதைக் கதையே உங்களுக்குக் காட்டிவிடும். மூத்தவள் வீட்டில் எங்கெங்கே நிற்கிறாள், எந்தக் கதவருகில், எந்தச் சாளரத்தருகில் என்பதைச் சற்றுக் கவனியுங்கள்.